மாதா எடுத்த சொல்

சின்னாற்றுக் காட்டில் ஒரு புள்ளிமான் இருந்தது. முள்வேலியில் சிக்கி அதன் இடப்பக்கம் கிழிந்துவிட்டது. வலியோடு அது ஒரு குட்டையின் கரையில் வந்து நின்றது. நின்ற வாக்கில் அதன் வலப்பக்கம்தான் நீரில் தெரிந்தது. புள்ளி கலையாத, பளபளப்பான மேனி. மான் நெடுநேரம் பார்த்தது. தனக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்து மேயப் போய்விட்டது. காயத்தை நக்கி ஆற்றுவதையும் அன்றோடு விட்டுவிட்டது. அடுத்த மழைக்கு அந்த மான் இல்லை.

குட்டை பொய் சொன்னதாக யாரும் வழக்குத் தொடுக்க முடியாது. அது கண்டதைத்தான் காட்டியது.

குளிரோடை எஸ்டேட்டில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மூன்றாம் லயத்தில், செபமாலையம்மாளின் வீட்டில், அந்த வெள்ளிக்கிழமை விடிந்தபோது வெளியே பனி இருந்தது.  கோட்டயத்தில் ஆய்வு மாணவியாக இருக்கும் மகள் ஜோமோள் மூன்று நாளுக்கு முன்பு வந்தவள், தாயின் கால் வீக்கத்தைக் கண்டு டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போனதையும், மருத்துவர் முகம் சுருங்கி இரத்தம் எடுத்து அனுப்பியதையும் சென்ற வார இதழில் பார்த்தோம். முடிவு காலையில் வந்துவிட்டது. சாலை வளைவில், லயத்துக்கு அருகே கைப்பேசிக்கு அலைவரிசை சரியாகக் கிடைக்கும் இடத்தில் நின்று, ஜோமோள் அதைப் படித்தாள். பிறகு மருத்துவரை அழைத்தாள்.

"ரெண்டு கிட்னியும் கைவிடுற நிலைமையில இருக்கு. உப்பு ரொம்ப ஏறிப்போச்சு. இன்னிக்கே கோயம்புத்தூருக்குக் கொண்டு போங்க. நாளைக்கின்னு வெக்காதீங்க" என்றார் அவர்.

வீட்டுக்குள் செபமாலையம்மாள் வெள்ளைச் சேலையை எடுத்து மடிப்புக் கலைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் சாய்ந்து நின்றுதான் அதைச் செய்தாள்.

"அம்மா, அத வையி. நாம கெளம்பணும்."

"நாலு மணிக்கில்ல கூட்டம்? இப்பவே எதுக்கு?"

"கூட்டத்துக்கு இல்ல. ஆஸ்பத்திரிக்கு."

செபமாலையம்மாள் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் மூச்சு முட்டியது. "ஏட்டி, செபக்குழுவுக்கு இன்னிக்கி ஆண்டு நிறைவு. மாதா சொகம் குடுத்த மொத சாட்சியே என்னோடது. மறையூர்ல இருந்தும் காந்தலூர்ல இருந்தும் சனம் வருது. லைவுல வேற காட்டுதாக. சாட்சி சொன்னவ போயி ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருந்தா, மாதாவுக்கு மரியாதையா அது?"

"டாக்டர் இன்னிக்கேன்னு சொல்லுறாரு."

"அவரு அவர் வேலையச் சொல்லுதாரு. நான் என் வேலையச் செய்யுதேன்."

ஜோமோள் குனிந்து தாயின் புறங்காலில் விரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"மாத்திர ஒழுங்காத் திங்கியாம்மா?"

"ஒன் தம்பி டிஜோ மாசாமாசம் வாங்கிட்டு வாரானே."

கேட்டது தின்பதைப் பற்றி. பதில் வந்தது வாங்குவதைப் பற்றி. ஜோமோள் அதைக் கவனித்தாள். ஆனாலும் அப்போது அவளுக்கு வேறு அவசரம் இருந்தது. அப்பா சொன்னால் அம்மா கேட்பாள். அவள் கோயிலை நோக்கி ஏறினாள்.

சுவக்கீன் முப்பத்திரண்டு ஆண்டுகள் தொழிற்சாலையில் கொழுந்து அரைத்தவர். ஓய்வுக்குப் பிறகு எஸ்டேட் கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பீடம் துடைப்பது, மாதாவின் கற்குகையான கெபியில் இருக்கும் காணிக்கைப் பெட்டியை மாதம் ஒருமுறை திறப்பது அவர் பொறுப்பு. கண்ணில் புரை படர்ந்திருந்தது. ஆயினும் கோயிலுக்குள் அவருக்குக் கண் தேவைப்படவில்லை.

ஜோமோள் போனபோது அவர் பீடத்தின் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பூரிப்பு.

"வா, பாப்பா. நல்ல நேரத்துல வந்த. இதப் பாரு. சாயங்காலம் மேடையில காட்டணும்னு செபக்குழு நடத்துற சகோதரர் ஜின்சன் எடுத்து வெக்கச் சொன்னாரு."

தகரத்துக்குள் சிறு சிறு துணிப் பொட்டணங்கள் இருந்தன. இந்த மலையில் நோய் தீர்ந்தவர்கள் உப்பையும் மிளகையும் துணியில் முடிந்து ஆரோக்கிய மாதாவின் கெபிப் பெட்டியில் நேர்ச்சையாகப் போடுவார்கள். அது தலைமுறைகளாக நடப்பது. சுவக்கீன் ஒரு பொட்டணத்தை அவிழ்த்தார். உப்பு இல்லை, மிளகு இல்லை. பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகள் இருந்தன.

"மாசம் ஒண்ணா விழுது, பாப்பா. ஏழாச்சு. நேர்ச்சைப் பொருளத் தூரப்போட மனசு வரல. மருந்த எரிக்கவும் பயம். அதான் சேத்து வெச்சேன். நம்ம எஸ்டேட்டுலயே ஏழு பேருக்கு மாத்திர வேண்டாங்கிற அளவுக்குச் சொகமாயிருக்குன்னா, சும்மாவா?"

ஜோமோள் அட்டையைத் திருப்பினாள். பெயரைப் படித்தாள். இன்னொரு பொட்டணத்தை அவிழ்த்தாள். அதே பெயர். இளஞ்சிவப்பு ஓர் அட்டை, வெள்ளை ஓர் அட்டை. ஏழிலும் அதே இரண்டு. பொட்டணம் கட்டிய துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் கரை. அவள் பத்தாம் வகுப்பில் தேறியபோது அம்மா கட்டியிருந்த சேலை. போன கிறிஸ்துமசுக்கு அதைக் கிழித்து அடுப்படித் துணி ஆக்கியிருந்தார்கள்.

"அப்பா, ஏழு பேர் இல்ல."

"என்னது?"

"ஒரே ஆளு. இது அம்மாவோட மாத்திர."

சுவக்கீன் துணியை வாங்கித் தடவிப் பார்த்தார். கரையின் நூலைப் பெருவிரலால் நிமிண்டினார். பிறகு முன் பெஞ்சில் உட்கார்ந்தார். 

"நான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்துனேன், பாப்பா" என்றார் கடைசியில். "யாரோ பொழைச்சாகன்னு."

ஜோமோள் அவர் அருகில் உட்காரவில்லை. அவளால் முடியவில்லை. ஏனெனில் அவளிடமும் ஒரு பொட்டணம் இருந்தது. அதை இனி மறைக்க முடியாது என்பது அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

அவளுடைய ஆய்வின் பொருள் மதமும் ஊடகமும். அந்த உறவை ஆராய்ந்தவர்கள் பல வழியில் நடந்திருக்கிறார்கள். ஊடகம் ஒரு குழாய், ஒரு முனையில் ஊற்றிய விசுவாசம் மறுமுனையில் அப்படியே வந்து விழும் என்றனர் சிலர். இல்லை, அது ஓர் அச்சு, தன் அளவுக்கும் அவசரத்துக்கும் ஏற்ப மதத்தையே வார்த்துவிடும் என்றனர் வேறு சிலர். மக்கள் அப்படி ஏமாளிகள் அல்லர், எந்தக் கருவியையும் தங்கள் வணக்கத்துக்கு ஏற்பப் பழக்கிக்கொள்வார்கள் என்பது மூன்றாம் தரப்பு. கடைசியாக வந்தவர்கள், மணியும் செபமாலையும் சுரூபமும் ஊடகம் அல்லாமல் வேறென்ன, ஊடகம் இல்லாத மதம் என்று ஒன்று என்றைக்கு இருந்தது என்று கேட்டார்கள்.

நான்கு வழிக்கும் ஜோமோள் ஒரே சான்றைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். தன் தாயின் நான்கு நிமிடச் சாட்சி. தம்பி டிஜோ எடுத்து, செபக்குழுவின் சேனலில் ஏற்றியது. இரண்டு லட்சம் பேர் பார்த்தது. லயத்துப் பெண்கள் விளக்குக்குப் பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, படம் முடிந்ததும் திரையைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வதை அவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்பு, வெட்டாத மூலப் பதிவையும் அவள் டிஜோவின் மடிக்கணினியிலிருந்து படியெடுத்திருந்தாள். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டாள். நான்காம் இயலில், நூற்று முப்பத்தெட்டாம் பக்கத்தில், 'இவ்விடத்தில் பதினோரு விநாடிகள் நீக்கப்பட்டுள்ளன. சாட்சி என்பது சொல்லப்படுவதன்று, தொகுக்கப்படுவது' என்று எழுதினாள். 'இதுதான் உன் ஆய்வின் இதயம்' என்று வழிகாட்டிப் பேராசிரியர் ஓரத்தில் குறித்திருந்தார்.

அந்தப் பதினோரு விநாடிகளில் அம்மா என்ன சொன்னாள் என்பது ஜோமோளுக்கு மனப்பாடம். அதை நீக்கிய பிறகு அம்மா என்ன செய்தாள் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

பெரட்டுக் களத்தில், விடிகாலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் அந்தத் திறந்த வெளியில், பந்தல் எழும்பியிருந்தது. டிஜோ கேமராவை முக்காலியில் பூட்டிக்கொண்டிருந்தான். ஜீப் ஓட்டும் வீரபாண்டி நாற்காலிகளை இறக்கிக்கொண்டே அவனைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

"ஏலே, எங்க மாரியம்மனுக்கும் ஒரு சேனலு போட்டுக் குடுல. ஒங்க மாதாவுக்கு ரெண்டு லச்சம்னா, எங்க ஆத்தாளுக்கு ஒரு ரெண்டாயிரமாச்சும் வராதா?"

"ஒங்க ஆத்தா கேமராவப் பாத்துக் கண்ண உருட்டும், அண்ணே. பாக்குறவன் பயந்து ஓடிருவான்."

சிரித்துக்கொண்டே திரும்பிய டிஜோ அக்காளின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

ஜோமோள் எல்லாவற்றையும் சொன்னாள். தகரம், ஏழு பொட்டணம், சேலைத் துணி. டிஜோ கேட்டபடியே கேமராவின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தான், அது இறுகிய பிறகும்.

"நான் வாங்கிக் குடுத்தேன். மறக்காம வாங்கிக் குடுத்தேன்."

"தெரியும்."

"நாலு நிமிசத்துக்கு மேல போனா யாரும் பாக்க மாட்டான், அக்கா. துதி மட்டும் நிக்கட்டும், மத்ததக் கொறைன்னு சகோதரர் சொன்னாரு. அந்த எடம் நீளமா இருந்துச்சு. அம்மா இருமிக்கிட்டே சொன்னா. வெட்டினேன். அம்புட்டுதான். அம்மா மாத்திரய நிறுத்துவான்னு நான் கண்டனா?" அவன் குரல் உயர்ந்தது. "நீயும் பாத்த. ரெண்டையும் பாத்தவ நீ ஒருத்திதான். எனக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா?"

"ஆமா" என்றாள் ஜோமோள். "நான் அதப் புத்தகத்துல எழுதினேன்."

வீரபாண்டி தூக்கிய நாற்காலியைக் கீழே வைத்தார். "சண்டைய அப்பறம் போடுங்க, புள்ளைகளா. மதினியக் கெளப்புங்க. நான் ஜீப்பத் திருப்புதேன்."

வீட்டில் சுவக்கீன் ஏற்கெனவே வந்து, மனைவியின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். தகரம் நடுவில் திறந்திருந்தது. செபமாலையம்மாள் வெள்ளைச் சேலை கட்டி முடித்திருந்தாள். பிடிபட்டவளின் முகம் அவளுக்கு இல்லை. தெளிவாக இருந்தாள்.

"ஆமா, நாந்தான் போட்டேன். ஊரு முன்னால ஒண்ணச் சொல்லிட்டு, வீட்டுக்குள்ள வேற செய்யலாமா?"

"அம்மா, நீ அப்படிச் சொல்லல. இதப் பாரு." ஜோமோள் மூலப் பதிவை ஓடவிட்டாள். திரையில் எட்டு மாதத்துக்கு முந்தைய செபமாலையம்மாள் இருமினாள். பிறகு சொன்னாள்: 'டாக்டரு குடுத்த மாத்திரயும் தின்னேன், மாதாகிட்டயும் அழுதேன். மாத்திரய இன்னும் விடல. விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காக. மாதாதான் அந்த மாத்திரய எனக்குப் பிடிக்க வெச்சா.'

செபமாலையம்மாள் அமைதியாகப் பார்த்தாள். கொஞ்சமும் வியப்பில்லை.

"சொன்னேன். எனக்கு நெனவிருக்கு. ஆனா டிஜோ படத்துல அது இல்ல. நூறு தடவ பாத்துட்டேன். என் வாயி அசையுது, எல்லாம் வருது, அந்தச் சொல்லு மட்டும் வரல. மொதல்ல எனக்கும் ஒண்ணும் வெளங்கல. ஒரு நா ராத்திரி செபத்துல வெளங்குச்சு." அவள் குரல் தாழ்ந்தது. "மாதா அத எடுத்துட்டா. இனிமே ஒனக்கு அது வேண்டாம்னு என் வாயிலருந்தே எடுத்துட்டா. எம்புட்டுப் பெரிய கருண. அதுக்கப்பறமும் நான் மாத்திரயத் தின்னா?"

 ஆய்வேட்டின் இருநூற்றுப் பத்துப் பக்கங்களில் எந்தக் கோட்பாடும் இப்படி ஒரு வாசலை ஜோமோளுக்குத் திறந்து காட்டியதில்லை. அவள் வாயைத் திறந்தாள். உடனே, கூடவே வந்திருந்த டிஜோவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சொல்லை எடுத்தது யார் என்று சொல்ல வேண்டியவள் அவள் அல்லள்.

டிஜோ தாயின் முன் மண்டியிட்டான்.

"மாதா எடுக்கலம்மா. நான் எடுத்தேன்."

"நீ எதுக்குடா எடுக்கப் போற?"

"நீளமா இருந்துச்சும்மா."

செபமாலையம்மாள் மகனைப் பார்த்தாள். அடுத்துக் கணவரையும் மகளையும் பார்த்தாள். சுவரில் இருந்த மாதா படத்தின் பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை.

"நீளமா இருந்துச்சு" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அடிப்பாள் என்று டிஜோ எதிர்பார்த்தான்; தலையைக் குனிந்தே வைத்திருந்தான். அவள் இரண்டும் செய்யவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முக்கியமான ஒன்றை நினைவுபடுத்துகிறவள்போல் கண்ணை மூடினாள்.

"ஜோமோளு, அந்தக் குரூப்ப எடு. வாட்சப்பு. பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில இருந்து ஒரு பிள்ள எனக்கு எழுதியிருந்துச்சே. சித்ரான்னு. படிச்சுக் காட்டுனாகளே."

ஜோமோள் தேடினாள். ஐந்து மாதத்துக்கு முந்தைய செய்தி. 'அம்மா, எனக்கும் உங்களாட்டவே வியாதிங்க. உங்க வீடியோவ தெனமும் பாக்கறனுங்க. உங்களப் பாத்து இன்னைக்கிருந்து நானும் மாத்திரைய நிறுத்திட்டனுங்க.' அதன் கீழே நாற்பத்தாறு பேர் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள். அவற்றுள் ஒன்று செபமாலையம்மாளின் பெயரில் இருந்தது.

"கையக் கூப்பி அனுப்புனது நாந்தான்" என்றாள் அவள். "ஜீப்பு எங்க?"

வீரபாண்டியும் சுவக்கீனும் அவளைத் தூக்கி ஜீப்பின் பின்னால் படுக்க வைத்தார்கள். டிஜோவும் ஏறக் காலை வைத்தான்.

"நீ வராத."

"அம்மா..."

"களத்துக்குப் போ. நாலு மணிக்கு அந்தப் படத்த ஒருத்தரும் காட்டக் கூடாது. நீதான வெட்டத் தெரிஞ்சவன்? போயி வெட்டு."

அதே நேரத்தில் களத்தில் யாரோ ஒலிபெருக்கியைச் சோதித்தார்கள். அவள் குரலே பள்ளத்தாக்கு முழுவதும் எழுந்தது. 'மாதாகிட்ட அழுதேன், வீக்கமெல்லாம் வத்திப்போச்சு, பூரண சொகம் குடுத்தா எந் தாயி.' தேயிலைச் சரிவுகள் அதை வாங்கி இருமுறை திருப்பிச் சொல்லின. ஜீப்பில் கிடந்தவள் கையால் காதைப் பொத்திக்கொண்டாள். டிஜோ களத்தை நோக்கி ஓடினான். அவன் போய்ச் சேரும் முன்பே ஜீப் முதல் வளைவில் இறங்கிவிட்டது. குரல் நின்றது. அவன் நிறுத்தினானா, மலை மறைத்ததா என்று ஜீப்பில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

வழி நெடுக சுவக்கீன் மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தார். செபமாலை சொல்லத் தொடங்கினார். இரண்டாம் மணியில் தடுமாறி நிறுத்தினார். அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"ஏன் நிப்பாட்டிட்டீக?"

"சொல்லட்டுமா, செபமால?"

"சொல்லுங்க. மாதா என்ன செஞ்சா, பாவம்."

மறையூரை நெருங்கும்போது அவள் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. "சின்னாறு செக்போஸ்ட்டுல நான் எறங்கிப் பேசிக்கிடுதேன், நிக்க விட மாட்டேன்" என்று வீரபாண்டி முன்னாலிருந்து சொன்னார். ஜோமோளின் கைப்பேசியில் அலைவரிசைக் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. டிஜோவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் சித்ராவின் எண்ணை அழுத்தினாள்.

நெடுநேரம் மணி அடித்தது. துண்டித்துவிடும் என்று நினைத்தபோது ஓர் ஆண் குரல் எடுத்தது.

"ஏனுங்க, யாருங்க?"

"சித்ரா இருக்காங்களா? நான் குளிரோடையில இருந்து பேசுறேன். செபமாலையம்மாளோட பொண்ணு."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் ஒலி. "அட, அந்த வீடியோ அம்மாவுங்களா? நான் அவ ஊட்டுக்காரனுங்க. சித்ரா படுத்துக் கெடக்கறாளுங்க. எந்திரிக்க முடியறதில்லீங்க. கண்ணு வேற மங்கிப்போச்சுங்க. ஆசுபத்திரிக்குப் போலாம்னா கேக்க மாட்டீங்கறாளுங்க. தெனமும் அம்மா பேசறதத்தான் போடச் சொல்லிக் கேக்கறா."

ஜோமோள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மெலிந்த கை ஒன்று எழுந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"என் கையில குடு."

"அம்மா, நீ பேசாத. மூச்சு..."

"நீ சொன்னா அது கேக்காது. நான் சொன்னாத்தான் கேக்கும்."

சுவக்கீன் அவளை நிமிர்த்திப் பிடித்தார். ஜோமோள் கைப்பேசியைத் தாயின் வாயருகே வைத்தாள். நல்லேப்பிள்ளிக்காரரின் குரல் ஜீப் முழுவதும் கேட்டது.

"இருங்கம்மா, இருங்க. அவ காதுல வெக்கறனுங்க. சித்ரா, ஏ சித்ரா, ஆரு பேசறாங்கன்னு பாரு. அம்மா, அந்தச் சாட்சிய உங்க வாயால இன்னொருக்கா சொல்லுங்க. உங்க கொரலக் கேட்டா அவளுக்குத் தெம்பு வந்துருமுங்க."

மறுமுனையில் ஓர் இளம்பெண்ணின் இழுப்பு மூச்சு கேட்டது. செபமாலையம்மாளின் மூச்சும் அதே தாளத்தில்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மறுபடி திறந்தாள்.